மணலுக்குள் போன எட்டாவது மீன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். மூடி போட்ட வாளியோடு உள்ளே நுழைந்த கண்ணாடிக்காரர். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. லீவு நாளென்று அக்கா வீட்டுக்கு வந்து நாற்காலியில் கால் நீட்டியிருந்த மைத்துனர், பல் டாக்டர். தைக்கக் கொடுத்த ஜன்னல் திரைகளை வாங்கிப்போக வந்திருந்த மாடி வீட்டம்மா.

இவர்களைத் தவிர, சுவரோரமாக நாலடி நீளத் தொட்டிக்குள் உப்புத் தண்ணீரில் ஏழு பேர். தம்பதியாகக் கோமாளி மீன் இரண்டு. கோடு போட்ட சட்டைக்கார அண்ணன் தம்பி இரண்டு. மஞ்சள் தட்டு ஒன்று. கல்லடியில் வாயைப் பிளந்துகொண்டு காவலிருக்கும் வாட்ச்மேன் ஒன்று. நெருப்புத் துண்டு மாதிரிச் சிவந்து, பவளங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வரும் தணல் ஒன்று.

வாளிக்குள் இன்னும் ஒருவர். அந்த விஷயம் நாலு பேரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக்காரர். முப்பத்தொரு வருஷமாகக் கடைவீதியில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தித் தருகிறார். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் பேப்பர் படிக்கிறார்கள். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்காக உழைக்கிறவனுக்கு, தன் கண்ணுக்கென்று ஒரு துண்டுக் கடலாவது வேண்டாமா என்பது அவர் கட்சி.

அந்தத் துண்டுக் கடல் கூடத்துக்கு வந்தபோது மனைவியின் துணி வெட்டும் மேஜை சமையலறை வாசலுக்கு நகர்ந்தது. சண்டை ஒன்பது நாள் நடந்தது. ஒன்பதாம் நாள் பல் டாக்டர் நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார். தொட்டி கூடத்தில் இருக்கலாம். மீன் ஏழு. கண்ணாடிக்காரர் எட்டாவது ஒன்றைக் கொண்டுவந்தால் தொட்டி, மேடை, விளக்கு, மோட்டார் எல்லாம் டாக்டரின் கிளினிக்குக்குப் போய்விடும். கிளினிக்கில் ஏற்கெனவே ஒரு கடல் தொட்டி உண்டு, இரண்டடி. அத்தான் ஒட்டவைத்த வியாதி. நாலடித் தொட்டியின்மேல் அவருக்கு ஒரு கண் இருந்ததால் கடைசி வரியைப் பேனா கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு மனைவி தொட்டி விளக்கைப் போடுவாள். எண்ணுவாள். "ஏழு" என்பாள். அதன் பிறகுதான் கண்ணாடிக்காரருக்குக் காபி.

ஆனால் ஏழு மீன் வைத்திருப்பவனுக்கு எட்டாவதுதான் மீன். அது எப்படி இருக்கும், என்ன நிறம், எந்தக் கல்லின் மேல் நின்று திரும்பிப் பார்க்கும் என்று கண்ணாடிக்காரர் கனவு காண ஆரம்பித்தார். வீட்டில் கண்டார். பஸ்ஸில் கண்டார். கடையில், எதிரே ஆளை உட்கார வைத்துக்கொண்டே கண்டார்.

"கடைசி வரி தெரியுதா சார்?"

"தெரியுதுங்க."

"நீலப் புள்ளி?"

"புள்ளியா? எழுத்துதாங்க தெரியுது."

"மன்னிக்கணும். எழுத்துதான். படிங்க."

புள்ளி எங்கிருந்து வந்தது என்றால், மீன்கடையிலிருந்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். சும்மா பார்க்கப் போனவருக்கு மீன்கடைக்காரர் முதலில் ஒரு சாண் அகலத்துக்கு ஊதாவும் மஞ்சளுமாக ஒன்றைக் காட்டினார். ராஜா மாதிரி இருந்தது.

"பவளத்தைக் கொறிக்குமா?"

"கொறிக்குங்க சார். சுத்தி விருந்து வெச்சிருக்கோம்னு நெனச்சுக்கும்."

வேண்டாம். அடுத்தது இளஞ்சிவப்பு. கண்ணைச் சுற்றித் தங்க வளையம். ஆழ்கடல்காரன்.

"இவன் சாது. ஆனா குளிர்ந்த தண்ணி கேப்பான். அதுக்குத் தனியா ஒரு மெஷின் வெக்கணும். சத்தம் கொஞ்சம்தான்."

கூடத்தில் இன்னொரு மெஷின் ஓடினால் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு மனைவி கிளம்பிவிடுவாள். அதுவும் வேண்டாம். மூன்றாவது தொட்டியில் ஒரு டப்பா மணல் மட்டும் இருந்தது.

"இது காலியா?"

"காலி இல்ல சார். தூங்கறான். கொஞ்சம் நகர்ந்து, அசையாம நில்லுங்க."

கண்ணாடிக்காரர் நகர்ந்து, அசையாமல் நின்றார். பதினாலு நிமிஷம். மணல் லேசாக மூச்சு விட்டது. முதலில் ஒரு மூக்கு. பிறகு ஒரு கண். பிறகு படுக்கையை உதறிவிட்டு எழுந்திருக்கிற மாதிரி முழு மீனும் வெளியே வந்தது. விரல் நீளம். செங்கல் நிற உடம்பு முழுக்க நீலப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு வரி. சாயந்திரம் ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்சத்திரமாக எண்ணுகிற மாதிரி இருந்தது அவருக்கு. நாற்பத்தாறு வரை எண்ணினார். அது திரும்பிவிட்டது.

"லெப்பர்ட் ராஸ்னு பேரு. அபூர்வமாத்தான் வரும்" என்றார் கடைக்காரர். "ஆனா உள்ளதைச் சொல்லிடறேன் சார். புது இடத்துல விட்டதும் மணலுக்குள்ள போயிடுவான். நாலு நாளோ, பத்து நாளோ. வெளிய வந்தாலும் அவன் ஊர்க் கடிகாரப்படி, நேரங்கெட்ட நேரத்துலதான் வருவான். வீட்டுக்கு வர்றவங்க பாத்து அசரணும்னு மீன் கேட்டு வந்தவங்க மூணு பேர் இதைக் கேட்டுட்டுத் திரும்பிட்டாங்க."

"கண்ணுக்கே படாது?"

"ஆரம்பத்துல படாதுங்க."

"பவளம் கொறிக்காது? மத்ததோட சண்டை போடாது?"

"ஊஹூம்."

கண்ணாடிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரில் எல்லோரும் பிறர் பார்க்க மீன் வாங்குகிறார்கள். யாரும் பார்க்க முடியாத அலங்கார மீனை விரும்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அங்கேயே நின்று திட்டத்தைப் போட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் 'கொண்டுவந்தால்' என்றுதானே இருக்கிறது? ஒரு பவளக் கல் வாங்குவது. கல்லோடு மீனையும் வாளியில் போட்டுக்கொள்வது. மீன் மணலுக்குள் போகட்டும். ஒரு நாள் அது எழுந்து வரும்போது, "அட, கல் பொந்துக்குள்ளேயே ஒளிஞ்சு வந்திருக்கு பாரேன்!" என்று எல்லோருக்கும் முன்னால் ஆச்சரியப்படுவது. ஆச்சரியப்படுவதைக் கடையில் கண்ணாடி முன் நின்று ஆறு முறை பழகியும் பார்த்தார்.

ஆக, அந்த ஞாயிறு, அந்த வாளி.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"கல்லு."

"கல்லுக்கு எதுக்கு மூடி?"

"வழியில தண்ணி தளும்பும்."

அவர் வாளிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூடி இடுக்கில் விட்டார்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"நம்ம தண்ணி பழகணும்."

"கல்லுக்கா?"

"கல்லுக்குத்தான்."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

மனைவி தம்பியைப் பார்த்தாள். "நான் கட்டிக்கிட்டு வந்தப்ப எனக்கு இந்த வீட்டுத் தண்ணி பழக நாலு நிமிஷம் குடுக்கலடா."

மாடி வீட்டம்மா சிரித்தார். டாக்டர் வாளியை எட்டிப் பார்க்க எழுந்தார். "அத்தான், ஒரு தடவை திறங்களேன்."

"வெளிச்சம் பட்டா கெட்டுடும் தம்பி."

"கல்லா?"

"நீ உக்காரு."

நாற்பதாவது நிமிஷம், முதுகால் தொட்டியை மறைத்துக்கொண்டு கல்லை இறக்கினார். கூடவே புள்ளிக்காரனும் இறங்கினான். அரை நொடி. தலைகீழாக ஒரு பாய்ச்சல். மணலில் சின்னதாக ஒரு புகை. அவ்வளவுதான்.

"ஏழு" என்றாள் மனைவி, தையலிலிருந்து நிமிர்ந்து ஒரு தரம் எண்ணிவிட்டு.

அன்று கண்ணாடிக்காரர் சாப்பிட்ட சாப்பாடு அவர் வாழ்க்கையிலேயே ருசியான சாப்பாடு.

அதன் பிறகு கூடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் தரையில் உட்காருவார். விளக்கின் நீலம் கூரையில் அலை அலையாக ஆடும். தைத்துத் தொங்கவிட்ட திரைகள் காற்றில் அதே தாளத்துக்கு ஆடும். மிஷின் சத்தம் தூரத்தில் படகு போகிற மாதிரிக் கேட்கும். அவர் மணலையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலடிக்கு ஒன்றரையடி மணல். அதில் எங்கோ அவர் தங்கம் தூங்குகிறது. ஒவ்வொரு மணலாக விசாரிப்பது போல இடமிருந்து வலம், வலமிருந்து இடம் போவார். டார்ச் அடிப்பார். கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைத் தொட்டியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். விரல் நுனியால் தட்டி, "ராஜா, எந்திரிடா" என்பார் காற்றுக்கும் கேட்காமல்.

"மீனு மேல இருக்குங்க. நீங்க கீழயே பாக்கறீங்க" என்பாள் மனைவி.

"மணல் சுத்தமா இருக்கான்னு பாக்கறேன்."

"வீடு பெருக்கறப்ப இந்த அக்கறை வரலியே."

மூன்று நாள் போயிற்று. ஐந்து நாள். ஆறாம் நாள் மத்தியானம் கடையில் கண்ணயர்ந்தார். கனவில் அவரே மணலுக்குள் படுத்திருந்தார். மெத்தென்று, சூடாக இருந்தது. மேலே தண்ணீருக்கு அப்பால் மனைவியின் முகம், தட்டு அளவுக்குப் பெரிசாக, எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வரை வந்தது. அவரை எண்ணவில்லை. "நான் இருக்கேன்" என்று வாயைத் திறந்தார். குமிழிதான் வந்தது. விழித்தபோது எதிரே ஒருவர், ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு, இருபது நிமிஷமாகக் காத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு முழு நாளும் மூக்கு கண்ணாடியில் அழுந்த உட்கார்ந்தார். புள்ளி இல்லை. ஒன்பதாம் நாள் மீன்கடைக்காரருக்கு ரகசியமாகப் போன் செய்தார்.

"இன்னும் வரலங்க. செத்திருக்குமோ?"

"சேச்சே. நல்லாத்தான் இருப்பான். நல்லா சாப்பிடறான்... சாப்பிடுவான் சார்."

"மணலுக்குள்ள என்னத்தங்க சாப்பிடும்?"

"அதெல்லாம் ஒரு இதுதான் சார். ஒண்ணே ஒண்ணு, மணலை மட்டும் கிளறிடாதீங்க. அடியில இருக்கற அழுக்கு எழும்பினா மத்ததுக்கு ஆபத்து."

ஆனால் உள்ளே செத்து அழுகிக்கொண்டிருந்தாலும் மற்றதுக்கு ஆபத்துதானே? கிளறினாலும் போச்சு, கிளறாவிட்டாலும் போச்சு. வீட்டில் சொல்லிவிட்டுத் தேடலாம் என்றால், சொன்ன மறுநிமிஷம் தொட்டி கிளினிக்குக்குப் போய்விடும். கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் "ஏழு" என்று மனைவி சொல்லும்போது முன்பு இனித்தது, இப்போது எட்டாவதுக்கு அஞ்சலி மாதிரிக் கேட்டது.

பதினாலாம் நாள், சனிக்கிழமை. கடைக்குக் கிளம்பியவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். எப்படியும் இன்று பார்த்துவிடுவது. சமையலறையில் மாவு சலிக்கிற சல்லடையை எடுத்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டினார். தொட்டி மூடியைத் தூக்கினார்.

"என்னங்க தேடறீங்க?"

பின்னால் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கண்ணாடி விழுந்துடுச்சு."

"கண்ணாடி மூக்கு மேல இருக்கு."

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"என் மாவுச் சல்லடை அது. கீழ வைங்க. வெச்சுட்டு விஷயத்தைச் சொல்லுங்க."

ஆறு முறை பழகிய ஆச்சரியம் ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை. சொன்னார். கல்லை, வாளியை, நாற்பது நிமிஷத்தை, பதினாலு நாளை.

"செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னுட்டேன். தொட்டியை உன் தம்பிக்கே குடுத்துடு. ஆனா அதுக்கு முன்னால அதை எடுத்துடணும். இல்லன்னா இந்த ஏழும் போயிடும்."

மனைவி கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். பிறகு சொன்னாள், "எந்த ஏழு? எண்ணுங்க."

"எண்றதுக்கு என்ன இருக்கு? கோமாளி ரெண்டு. சட்டைக்காரங்க ரெண்டு, நாலு. மஞ்சள் தட்டு, அஞ்சு. வாட்ச்மேன், ஆறு." நிறுத்தினார். குனிந்தார். கல்லுக்குப் பின்னால் பார்த்தார். "தணல் எங்க?"

"போயாச்சு."

"எப்ப?"

"புதன்கிழமை."

"இந்தப் புதனா?"

"போன புதன். பத்து நாளாச்சு. தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போனான். அவன் தொட்டியில ஜம்முனு இருக்கு."

"என்னைக் கேக்காம எப்படி..."

"ஏங்க, போன வருஷம் இந்தத் தணல் வேணும்னுதானே ரெண்டு மாசம் சரியா சாப்பிடாம கிடந்தீங்க? பேர் வெச்சதே நீங்கதான். அது போயி பத்து நாளாச்சு. தினமும் ரெண்டு மணி நேரம் இந்தத் தொட்டிக்கு முன்னாலதான் உக்காந்திருந்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கன்னு கேட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"நீதான் காலையில ஏழு ஏழுன்னு சொன்னே!"

"ஏழுதானே இருந்துது."

"ஆறுதான் இருக்கு!"

"தூங்கறவனை விட்டுட்டு எண்றீங்க."

இதைப் புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிரோட இருக்கா?"

"மூணாம் நாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பாத்தேன். நான் தைச்சுக்கிட்டிருக்கேன், எதுவோ என்னைப் பாக்கற மாதிரி இருந்துது. திரும்பினா இவன். எண்ணினேன், எட்டு. எட்டுன்னு வாய்விட்டுச் சொன்னா தொட்டி போயிடும். இவன் எங்க போய்ப் படுப்பான்? அதான் தம்பியைக் கூப்பிட்டு ஒண்ணைக் குடுத்து ஏழாக்கினேன். கடைக்காரருக்குப் போன் போட்டு என்ன சாப்பிடுவான்னு கேட்டேன். தினமும் நாலு வேளை. பொடி இறால், நசுக்கிப் போடணும். என் விரல்கிட்ட வந்து வாங்கிக்கிறான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் வரல?"

"நீங்க டார்ச் அடிச்சு, கண்ணாடியைத் தட்டி, அவ்ளோ பெரிய கண்ணை ஒட்டவெச்சுப் பாத்தா யார் வருவா? நானே வரமாட்டேன்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். நேரமில்லை. மணி பத்து ஐம்பது.

"இன்னிக்குக் காட்டுவியா?"

"வெளிய போய் நில்லுங்க. கதவைச் சாத்திக்கங்க. ஜன்னல் திரை இடுக்குல பாருங்க. மூச்சுவிடாம."

மாடிப்படிக்குக் கீழே, தன் வீட்டு ஜன்னலில், தன் மனைவி தைத்த திரையின் இரண்டு விரல் இடுக்கில் கண்ணாடிக்காரர் கண்ணை வைத்தார். மாடி வீட்டம்மா காய்கறிப் பையோடு இறங்கி வந்தார்.

"என்ன சார், உங்க வீட்டையே எட்டிப் பாக்கறீங்க?"

"ஷ்ஷ். மீன்."

"புள்ளி போட்டதா? பதினோரு மணிக்கு வருமே. நான் தினமும் வந்து பாத்துட்டுப் போறேன். போஸ்ட்மேன்கூட அன்னிக்கு நின்னு பாத்தாரே. நீங்க பாக்கல?"

உள்ளே மணல் மூச்சு விட்டது. மூக்கு. கண். உதறி எழுந்து, நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வர, புள்ளிக்காரன் தண்ணீரில் சும்மா நின்றான். மனைவி மிஷினை நிறுத்திவிட்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். அவன் விரலைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, நகத்து நுனியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டான். கூரையில் நீலம் ஆடியது. திரை கன்னத்தில் பட்டது. கண்ணாடிக்காரர் தன்னை மறந்து எண்ணினார். கோமாளி ரெண்டு, சட்டைக்காரர் ரெண்டு, தட்டு, வாட்ச்மேன், அவன். ஏழு. முழுசாக ஏழு. இப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது. கால் வலிக்கவில்லை. கடைக்குப் போக வேண்டும் என்பதுகூட யாரோ ஒருவருடைய வேலையாகத் தோன்றியது.

"பாத்தாச்சில்ல?" மனைவி திரும்பாமலே கூப்பிட்டாள். "எவ்ளோ நேரம் வெளிய நிப்பீங்க? உள்ள வாங்க."

கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். மணலில் சின்னதாக ஒரு புகை. மிச்சம் ஆறு.